ஆணியில் உள்ள இரும்பும் குருதியில் உள்ள இரும்பும்



சில ஆண்டுகளுக்கு முன் கிள்ளான் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு அறிவியல் பாடம் நடத்திக் கொண்டிருந்தேன். அன்று உணவைப் பற்றிய பேச்சு. வழக்கம்போல் வெண்பலகையில் ஒரு பட்டியல் எழுதினேன். கீரையில் இரும்புச்சத்து, பாலில் சுண்ணாம்புச்சத்து, பழத்தில் உயிர்ச்சத்து என்று வரிசையாக எழுதிவிட்டு, "எழுதிக் கொள்ளுங்கள்" என்றேன். பின்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு சிறுமி மெல்ல எழுந்து, "ஐயா, இரும்புச்சத்து என்றால் ஆணியில் இருக்கிறதே, அதே இரும்பா?" என்று கேட்டாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, நானும் சிரித்துவிட்டேன். "அது வேறு, இது வேறு அம்மா. உட்கார்" என்று சொல்லிப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

அந்தச் சிறுமிக்கு நான் கொடுத்த விடை தவறு. ஆணியில் இருப்பதும் கீரையில் இருப்பதும் அவள் குருதியில் ஓடுவதும் ஒரே இரும்புதான். அன்று அதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தெரியாததை மறைக்கச் சிரிப்பு உதவியது.

பிறகு பெற்றோர் சந்திப்பு நாளில் அவளுடைய தாயார் வந்திருந்தார். பிள்ளை காலை அணிவகுப்பில் தலைசுற்றி உட்கார்ந்து விடுகிறாள், வகுப்பில் சோர்ந்து கிடக்கிறாள் என்று நான் குறைப்பட்டுக் கொண்டேன். "கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்து இரும்பு மாத்திரை கொடுத்தார்கள் சார். மூன்று மாதமாகக் கொடுத்து வருகிறேன், ஒன்றும் பயன் தெரியவில்லை" என்றார். எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். "காலையில் தேத்தண்ணியோடுதான்" என்றார். அதற்கும் என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை. தலையை ஆட்டிவிட்டு அடுத்த பெற்றோரை அழைத்தேன்.

அவள் கேட்ட கேள்வியின் விடையில்தான் அந்தத் தாயாருக்கு வேண்டிய விடையும் இருந்தது. அதைப் பின்னர்த் தேடிப் படித்தபோது உணர்ந்தேன். நம் பள்ளிகளில் இந்தப் பாடத்தை நடத்துகிற முறை மாற வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை இங்கே எழுதுகிறேன். சற்று நீளமாக இருந்தாலும் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

முதல் குற்றவாளி 'சத்து' என்ற சொல். நல்ல தமிழ்ச் சொல்தான். வீட்டில் பேசுவதற்குப் போதுமானதும் கூட. ஆனால் வகுப்பறையில் அது ஒரு திரையாகி விடுகிறது. இரும்புச்சத்து என்று சொன்னவுடன் பிள்ளையின் மனத்தில் ஏதோ வலிமை தருகிற கண்ணுக்குத் தெரியாத சாறு ஒன்று தோன்றுகிறது. சத்து என்றால் நல்லது, மிகுந்தால் இன்னும் நல்லது என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. அது ஓர் உலோகம், அது உடலில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் அமர்ந்து ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்கிறது என்பது பிள்ளைக்கும் தெரிவதில்லை, பல வேளைகளில் நமக்கும் தெரிவதில்லை.

வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் உள்ள மொத்த இரும்பு 3 முதல் 4 கிராம் வரைதான். ஒரு சிறிய ஆணியின் எடை. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குருதியின் சிவப்பணுக்களில் உயிர்வளியைச் சுமந்து திரிகிறது. ஆணியில் இருக்கும்போது இரும்பின் அணுக்கள் ஒன்றோடொன்று நெருங்கிக் கெட்டியாக நிற்கின்றன. காடியிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஆணியைப் போட்டுவைத்தால், அணு தன்னிடமுள்ள எலக்ட்ரான்களில் இரண்டை இழந்து நீரில் கரைகிறது. அப்படி மின்னேற்றம் பெற்ற அணுவுக்குத்தான் அயனி என்று பெயர். உடல் ஆணியைப் பயன்படுத்தாது, அயனியைப் பயன்படுத்தும். அவ்வளவுதான் வேறுபாடு. நம் பாட்டிமார்கள் இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வைத்தபோது நிகழ்ந்ததும் இதுவே. புளியின் அமிலம் சட்டியிலிருந்து சிறிது இரும்பைக் கரைத்துக் குழம்பில் சேர்த்தது. இன்று ஒட்டாத பூச்சுப் பூசிய சட்டிகள் வந்துவிட்டன. கழுவுவதற்கு எளிது என்பதை மறுக்கவில்லை. இரும்பு மட்டும் வருவதில்லை.

இனி அந்தத் தேத்தண்ணிக்கு வருவோம். தேயிலையில் துவர்ப்புப் பொருள்கள் உள்ளன. அவை இரும்பு அயனியைக் கண்டால் விடாமல் பற்றிக் கொள்ளும். பற்றப்பட்ட இரும்பு குடலில் உறிஞ்சப்படாமல் வெளியேறிவிடும். இதை வகுப்பிலேயே காட்டலாம். வினிகர் என்னும் காடியில் ஓர் இரும்பாணியை இரவு முழுவதும் ஊறவையுங்கள். மறுநாள் அந்த நீரைப் பால் சேர்க்காத கடுந்தேநீரில் ஊற்றுங்கள். சிறிது நேரத்தில் தேநீர் மையைப் போல் கறுத்துவிடும். உண்மையில் அது மைதான். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் எழுதப் பயன்பட்ட மை, இரும்பு உப்பையும் துவர்ப்புப் பொருளையும் கலந்து செய்யப்பட்டதே. அந்தத் தாயார் ஒவ்வொரு நாள் காலையிலும் தம் மகளின் வயிற்றில் மை தயாரித்துக் கொண்டிருந்தார் என்று சொன்னால் மிகையில்லை. மாத்திரையைத் தேநீரிலிருந்து ஓரிரு மணி நேரமாவது தள்ளிக் கொடுப்பதும், கொய்யாவோ எலுமிச்சையோ சேர்த்துக் கொடுப்பதும் நல்லது. அப்பழங்களிலுள்ள உயிர்ச்சத்து சி இரும்பை உடல் ஏற்கும் வடிவில் வைத்திருக்கும். பாலும் இரும்பு சேர்வதைத் தடுக்கும் என்பதால் பாலோடும் மாத்திரை வேண்டாம்.

இரும்பு உயிர்வளியைச் சுமப்பதோடு நின்றுவிடுவதில்லை. நொதிகள் என்று நாம் சொல்லும் என்சைம்களுக்குள்ளும் அது அமர்ந்திருக்கிறது. இதையும் பிள்ளைகள் கண்ணால் காணலாம். மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு நீர்மத்தைப் பச்சை உருளைக்கிழங்குத் துண்டின்மேல் சில சொட்டு விட்டால் நுரைத்துப் பொங்கும். கேட்டலேஸ் என்னும் நொதி பெராக்சைடை நீராகவும் உயிர்வளியாகவும் உடைக்கிறது. அந்த நொதியின் நடுவே இருப்பது இரும்பு. வேக வைத்த துண்டின்மேல் விட்டால் நுரைக்காது. இரும்பு அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் அதைப் பிடித்து வைத்திருந்த புரதம் வெந்து உருக்குலைந்து விட்டது. உலோகம் தனியாக இருந்தாலும் பயனில்லை, புரதம் தனியாக இருந்தாலும் பயனில்லை என்பதை இதைவிட எளிதாக எப்படி விளக்குவது?

புரதம் ஏன் உலோகத்தைத் தேடுகிறது என்று கேட்கலாம். புரதங்கள் 20 வகை அமினோ அமிலங்களால் ஆனவை. அவற்றால் பல வேலைகளைச் செய்ய முடியும். ஆனால் எலக்ட்ரானைக் கொடுத்து வாங்குவதிலும், நீர் மூலக்கூறு ஒன்றை இழுத்துப் பிடித்து உடைப்பதிலும் உலோக அயனிக்கு இருக்கும் திறன் அவற்றுக்கு இல்லை. நம் குருதியில் கரியமில வாயுவை நீரோடு சேர்க்கும் நொதி ஒன்று உண்டு. அதன் மையத்தில் ஒரே ஒரு துத்தநாக அயனி இருக்கிறது. அது நீரைப் பற்றி இழுத்து வேலைக்கு ஆயத்தமாக்கித் தருவதால், அந்த நொதி ஒரு நொடியில் பத்து இலட்சம் மூலக்கூறுகள் வரை மாற்றிவிடும். கேம்பிரிட்ஜில் கெய்லினும் மானும் 1940ஆம் ஆண்டளவில் இதில் துத்தநாகம் இருப்பதைக் கண்டனர். சில உலோகங்கள் இன்னும் நன்றாக ஒளிந்திருந்தன. தம்பட்டை அவரைக்கு நெருங்கிய உறவான ஓர் அவரையிலிருந்து யூரியேஸ் என்ற நொதியை 1926இல் சம்னர் படிகமாக்கினார். படிகமாக்கப்பட்ட முதல் நொதி அதுதான். அதற்குள் நிக்கல் இருக்கிறது என்பது 1975இல்தான் வெளிப்பட்டது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு அது கண்முன்னே இருந்தும் யாருக்கும் தெரியவில்லை. ஆசிரியர் ஒருவருக்குத் தெரியாமல் போனதில் வியப்பில்லை என்று என்னை நானே தேற்றிக் கொண்டேன்.

இவையெல்லாம் கேம்பிரிட்ஜ், அமெரிக்கா என்று எங்கோ நடந்தவை, நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்காக இனி எழுதுகிறேன். இக்கதையின் மிக முக்கியமான பகுதி ஒன்று நம் கோலாலம்பூரிலேயே நடந்தது. அதில் நம் முன்னோர்களின் சோற்றுக்கும் பங்கு உண்டு. இதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்?

மலாயாவின் ஈயச் சுரங்கக் காலத்தில் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால்கள் மரத்துப்போகும், வீங்கும், நடை தள்ளாடும், இறுதியில் இதயம் நின்றுவிடும். சீனத் தொழிலாளர்களே பெரிதும் பாதிக்கப்பட்டனர். அதே நாட்டில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்களிடம் அந்நோய் அரிதாகவே காணப்பட்டது. நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் இவ்வேறுபாட்டைக் கவனித்தார். சீனர்கள் உண்டது சயாமிலிருந்து வந்த, நன்றாகத் தீட்டப்பட்ட பச்சரிசி. தமிழர்கள் உண்டது புழுங்கல் அரிசி. நோயின் வேர் அரிசியில் இருக்கிறது என்று அவர் வாதாடினார். 1907இல் நூலாகவும் வெளியிட்டார். பலர் ஏற்கவில்லை. நோய் என்றால் கிருமி இருக்க வேண்டும், அல்லது இடத்தில் குற்றம் இருக்க வேண்டும் என்பதே அக்காலத்து எண்ணம்.

கோலாலம்பூரில் இருந்த மனநோய் மருத்துவமனையில் 1905ஆம் ஆண்டு பெரிபெரி கடுமையாகப் பரவியது. அங்கே பணியாற்றிய வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண் பெற்றவர்கள் முற்றத்தின் ஒரு பக்கத்துக் கட்டடத்துக்கும், இரட்டைப்படை எண் பெற்றவர்கள் எதிர்ப்பக்கத்துக் கட்டடத்துக்கும் அனுப்பப்பட்டனர். ஒற்றைப்படையினருக்குப் பழைய சயாம் அரிசியே தொடர்ந்தது. இரட்டைப்படையினருக்கு இந்தியப் புழுங்கல் அரிசி கொடுக்கப்பட்டது. மற்ற உணவெல்லாம் ஒன்றே. இடத்தின் குற்றமோ என்ற ஐயம் தீர, இடையில் இரு பிரிவினரையும் கட்டடம் மாற்றியும் வைத்தார். 1906 முடியும்போது கணக்குப் பார்த்தார்கள். ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 120 பேர். பச்சரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்திருந்தனர். புழுங்கல் அரிசி உண்டவர்களில் ஒருவர்கூட இறக்கவில்லை. அவர்களுள் நோய் காணப்பட்ட ஓரிருவரும் வரும்போதே அதனோடு வந்தவர்கள்.

அந்த 18 பேரை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. அவர்களிடம் யாரும் ஒப்புதல் கேட்டிருக்க முடியாது. கேட்டிருந்தாலும் சொல்லும் நிலையில் அவர்கள் இல்லை. இன்று எந்த மருத்துவமனையிலும் அப்படியொரு சோதனைக்கு இசைவு கிடைக்காது. இக்கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அடுத்து, கோலாலம்பூரில் 1900இல் தோன்றிய மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டான்டனும் ஜெலுபு பகுதியில் சாலை போட்டுக் கொண்டிருந்த சாவகத் தொழிலாளர்களிடம் இதையே மீண்டும் சோதித்து உறுதி செய்தனர். நோய்க்குக் காரணம் பச்சரிசியில் ஒரு நஞ்சு இருப்பதன்று, தீட்டும்போது ஏதோ ஒன்று தவிட்டோடு போய்விடுவதே என்ற முடிவுக்கும் வந்தனர். 1909இல் அவர்கள் ஆய்வு வெளிவந்தது. இன்றும் ஜாலான் பகாங்கில் அக்கழகத்தின் பழைய வளாகத்தைக் கடந்து எத்தனையோ பள்ளிப் பேருந்துகள் போகின்றன.

தவிட்டோடு போன அந்தப் பொருளை 1926இல் ஜாவாவில் யான்சனும் டோனத்தும் பிரித்தெடுத்தனர். 1936இல் அதன் அமைப்பை முழுமையாக விளக்கிச் செயற்கையாகவும் உண்டாக்கியவர் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர். அவர் பிறந்த ஊர் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர். அப்பொருள்தான் தயமின் என்னும் உயிர்ச்சத்து பி1. நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்தும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள தயமின் அரிசியின் உட்பகுதிக்கு இறங்கிவிடுகிறது. பிறகு தவிட்டை நீக்கினாலும் அது பெருமளவு அரிசியிலேயே தங்கிவிடுகிறது. நம் ஊர்ப் பெண்கள் அண்டாவில் நெல் அவித்தபோது நடந்தது இதுதான்.

பாடநூல்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திக் கொள்ளும். தயமின் குறைந்தால் பெரிபெரி, எழுதிக் கொள்ளுங்கள். ஆனால் உண்மையான சுவை இதற்குப் பின்தான் இருக்கிறது. தயமின் உடலுக்குள் சென்று என்ன செய்கிறது? அது இரண்டு பாஸ்பேட்டுத் தொகுதிகளைச் சேர்த்துக் கொண்டு, சர்க்கரையை எரிக்கும் நொதிகளுக்குள் போய் அமர்கிறது. லோமனும் ஷூஸ்டரும் 1937இல் ஜெர்மனியில் ஈஸ்டிலிருந்து இவ்வடிவத்தைக் கண்டறிந்தனர். ஆனால் தயமினால் தானாக நொதியில் உட்கார முடியாது. அந்தப் பாஸ்பேட்டுகள் எதிர்மின்னேற்றம் உடையவை. அவற்றைப் பிடிக்கப் புரதத்தில் உள்ள கைகளிலும் சில எதிர்மின்னேற்றம் உடையவையே. எதிரும் எதிரும் ஒன்றையொன்று தள்ளும் அல்லவா? நடுவில் ஒரு நேர்மின்னேற்றக்காரர் வேண்டும். அவர்தான் மக்னீசியம் அயனி. ஒரு பக்கம் பாஸ்பேட்டையும் மறுபக்கம் புரதத்தையும் பற்றிக்கொண்டு, பூட்டுக்குக் கொண்டியைப்போல் நிற்கிறது. 1990களின் தொடக்கத்தில் ஊடுகதிர்ப் படங்கள் வழியாக இத்தகைய நொதிகளின் வடிவம் வெளிவந்தபோது, உலோக அயனி அதே இடத்தில் அமர்ந்திருப்பதைக் கண்ணால் காணவே முடிந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெரிபெரிக்குக் காரணம் தயமின் குறைவுதான், மக்னீசியம் குறைவு அன்று. ஆனால் மக்னீசியம் மிகவும் குன்றிய நோயாளிக்குத் தயமினை மட்டும் கொடுத்தால் அது சரியாக வேலை செய்யாமல் போவதுண்டு என்பதை மருத்துவர்கள் அறிவர். அரிசியைத் தீட்டும்போது மக்னீசியத்தின் பெரும்பகுதியும் தவிட்டோடுதான் போகிறது. சாவியும் போகிறது, கொண்டியும் போகிறது.

இதையெல்லாம் 'அன்றே அறிந்தான் தமிழன்' என்று மார்தட்டுவதற்காக நான் எழுதவில்லை. அந்த வகை எழுத்து எனக்கு உடன்பாடில்லை. நம் முன்னோர்கள் தயமினை அறிந்து நெல்லை அவிக்கவில்லை. நெல் உடையாமல் இருக்கவும், பூச்சி பிடிக்காமல் இருக்கவும், பழக்கத்தாலும் அவித்தார்கள். அது அவர்களைக் காத்தது. வேறொன்று அவர்களைக் காக்கவில்லை. தோட்டப்புறங்களில் வெறுங்காலோடு நடந்தவர்களின் பாதங்கள் வழியே கொக்கிப்புழு ஏறிக் குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சியது. குருதியோடு இரும்பும் போயிற்று. மலேரியாவும் அவர்களின் சிவப்பணுக்களை அழித்தது. இதே கிள்ளானில் 1901 முதல் மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களின் நீரை வடித்துக் கொசுவை ஒழித்த வரலாறு தனியே எழுத வேண்டியது. இரும்பு இழந்த உடலால் உழைக்க இயலாது. ஆனால் துரைமார்களும் கங்காணிகளும் அத்தகையவர்களுக்கு வைத்த பெயர் சோம்பேறி. நூறு ஆண்டுகள் கழித்து, வகுப்பில் சோர்ந்து கிடந்த ஒரு சிறுமியைப் பற்றி அவள் தாயாரிடம் நான் குறைப்பட்டுக் கொண்டதும் ஏறக்குறைய அதே குரலில்தான்.

மக்னீசியத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். என் பாட்டனார் பால்மரம் வெட்டியவர். விடிவதற்கு முன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, உளியும் வாளியுமாகக் காட்டுக்குள் இறங்கி, மங்கில் வடிந்த பாலைச் சேர்த்து எடுத்து வருவார். அந்தப் பால் எப்படி உண்டாகிறது? மரத்தின் பட்டைக்குள், ஐந்து கரியணுக்கள் கொண்ட சிறு துண்டுகளை ஒரு நொதி ஒன்றன்பின் ஒன்றாக ஆயிரக்கணக்கில் கோத்துச் சங்கிலியாக்குகிறது. அச்சங்கிலிதான் இரப்பர். அச்சிறு துண்டுகளின் முனையில் இருப்பவையும் பாஸ்பேட்டுகளே. அவற்றைப் பிடித்து வைக்க அந்த நொதிக்கும் மக்னீசியம் போன்ற அயனி வேண்டும். பாட்டனாரின் தட்டில் இருந்த புழுங்கல் சோறு உடலுக்குள் எரிவதற்கு எந்த அயனி வேண்டுமோ, அதே அயனி மரத்துக்குள் பால் உண்டாகவும் வேண்டும். மக்னீசியம் அளவுக்கு மிஞ்சினால் பால் நிலைகுலைந்துவிடும் என்பதால், ஆலைகளில் பாஸ்பேட்டு உப்பைச் சேர்த்து அதைப் படிய வைத்து நீக்குவார்கள். செம்பும் மாங்கனீசும் இரப்பரில் கலந்தால் அது விரைவில் பிசுபிசுத்துக் கெட்டுவிடும். 1925இல் அமைக்கப்பட்ட மலாயா இரப்பர் ஆராய்ச்சிக் கழகம் ஆராய்ந்த பொருள்களுள் இப்படிப்பட்டவையும் உண்டு. பாலைச் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நாம் அதை எந்தப் பள்ளியில் படித்தோம்? நான் படிக்கவில்லை.

ஆசிரிய நண்பர்களே, இதற்காகப் பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆணி, காடி, தேயிலை, உருளைக்கிழங்கு, ஒரு பிடி பச்சரிசி, ஒரு பிடி புழுங்கல் அரிசி. பத்து வெள்ளிக்குள் முடிந்துவிடும். 'கீரையில் இரும்புச்சத்து உள்ளது' என்று எழுதுவதற்கு மாறாக, 'கீரையில் உள்ள இரும்பு அயனி உடலில் என்ன வேலை செய்கிறது?' என்று ஒரு கேள்வியை எழுதிப் பாருங்கள். பட்டியலை மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கும் காரணத்தைத் தேடும் பிள்ளைக்கும் உள்ள வேறுபாடு ஒரே வாரத்தில் தெரியும். இதெல்லாம் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு அதிகம் என்று என் நண்பர் ஒருவர் சொன்னார். எலக்ட்ரான் கணக்கு அதிகம்தான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதே ஓர் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை அல்லவா?

பெற்றோர் சிலர், "அறிவியலைத் தமிழில் படித்து என்ன ஆகப்போகிறது?" என்கின்றனர். 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறி, பின்னர் மீண்டும் திரும்பின. 2016இல் இருமொழித் திட்டம் வந்து நம் பள்ளிகளிலும் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. அந்த வழக்கை இங்கே மீண்டும் நடத்த எனக்கு விருப்பமில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். அச்சிறுமி அக்கேள்வியைத் தமிழில் கேட்டாள். வீட்டில் தாயார் சொன்ன 'இரும்பு' என்ற சொல்லும் தகப்பனாரின் கருவிப் பெட்டியில் கிடந்த இரும்பும் அவளுக்கு ஒரே சொல்லாக இருந்ததால்தான் அக்கேள்வி பிறந்தது. விடை சொல்லத் தவறியது மொழி அன்று, ஆசிரியர்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இதைப் படித்துவிட்டு நேரே மருந்துக் கடைக்குச் சென்று இரும்பு மாத்திரையும் துத்தநாக மாத்திரையும் வாங்கிப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். மிகுந்த இரும்பை வெளியேற்ற நம் உடலில் முறையான வழி இல்லை. நம் நாட்டில் தலசீமியா மரபுக்கூறு உடையவர்கள் பலர் இருக்கின்றனர். அவர்களும் வெளிறித் தோன்றலாம், ஆனால் அவர்கள் உடலில் இரும்பு குறைவாக இருக்க வேண்டும் என்பதில்லை. துத்தநாகத்தை அளவின்றி நெடுநாள் கொடுத்தால் செம்பு உடலில் சேராமல் போகும். முதலில் குருதிப் பரிசோதனை, பிறகு மருத்துவர் சொல்லும் அளவு. அது போதும். அரிசியைப் பொறுத்தவரை பிரிக்பீல்ட்ஸ் வாழையிலை உணவகத்தில் எந்தச் சோறு வேண்டும் என்று கேட்டால், நான் புழுங்கல் சோற்றையே கேட்கிறேன். பெரிபெரிக்கு அஞ்சி அன்று, பாட்டியின் நினைவால். காய்கறியும் பருப்பும் மீனும் இலையில் இருக்கும்போது பச்சரிசி உண்பவருக்கும் பெரிபெரி வந்துவிடாது.

சென்ற ஆண்டு தீபாவளிக்கு முன், கிள்ளான் லிட்டல் இந்தியாவில் துணிக்கடை ஒன்றின் வாசலில் அந்தத் தாயாரையும் மகளையும் பார்த்தேன். பிள்ளை இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள். என்னைவிட உயரமாகிவிட்டாள். மாத்திரையை எப்படிக் கொடுக்க வேண்டும் என்று வேறொரு தாதி சொல்லிக் கொடுத்ததாகவும், இப்போது நலமாக இருப்பதாகவும் தாயார் சொன்னார். நான் மகளிடம், "ஐந்தாம் ஆண்டில் நீ ஒரு கேள்வி கேட்டாய், நினைவிருக்கிறதா? நான் சொன்ன விடை தவறு அம்மா. அதே இரும்புதான். எலக்ட்ரான் இரண்டை மட்டும் விட்டுவிட்டு வருகிறது" என்றேன்.

அவள் சிறிது நேரம் யோசித்தாள். பிறகு, "அப்படியென்றால் அந்த இரண்டு எலக்ட்ரானும் எங்கே போயின ஐயா?" என்று கேட்டாள்.

இம்முறை நான் சிரிக்கவில்லை. கடைத் தெரு நெரிசலில், துணிப் பைகளுக்கு நடுவே நின்றுகொண்டு, காடியில் ஊறும் ஆணியைச் சுற்றி எழும் சின்னஞ்சிறு குமிழிகளைப் பற்றியும், அந்த எலக்ட்ரான்களைப் பெற்றுக்கொண்டு நீர்வளியாக மாறிப்போகும் அமிலத்தைப் பற்றியும் சொல்லத் தொடங்கினேன். தாயார்தான் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார்.